சர்வே நம்பர் முந்நூற்று எழுபத்தேழு

ரகசியத்தை வீட்டில் சொல்வதற்கு முறை என்று ஒன்று இருக்கிறது. அம்மா நல்ல மூடில் இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். காபி குடித்து முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு தனியாக உட்காரவைத்து மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நான் ஒருவன்தான், ஒரு எம்.எல்.ஏ.விடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லப் போய், தொகுதிக்கே அறிவித்துவிட்டு வீடு திரும்பியவன்.

எந்த எம்.எல்.ஏ., எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள். தாம்பரத்தைச் சுற்றித் தொகுதிகளுக்கா பஞ்சம்? என் வீடு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைக்கூடச் சொல்லப்போவதில்லை. (சொன்னால் எங்கள் காலனிக்காரர்கள், "அந்த மீட்டிங்ல நானும் இருந்தேன்" என்று கிளம்பிவிடுவார்கள். இருந்தவர்களைவிட இருந்ததாகச் சொல்பவர்கள்தான் இப்போது அதிகம்.)

விஷயம் இதுதான். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் முந்நூற்று எழுபத்தேழு என்று ஒரு பிரிவு இருந்தது. வெள்ளைக்காரன் போட்டது. அவன் கப்பலேறிப் போகும்போது இதை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். அதன்படி இரண்டு ஆண்கள் மனமொப்பி, கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் சொந்த வீட்டுக்குள் நெருக்கமாக இருந்தாலும் குற்றம். ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம். டில்லி உயர் நீதிமன்றம் ஒருமுறை இது செல்லாது என்று சொல்ல, நாங்கள் இனிப்பு சாப்பிட்டோம். பிறகு உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சாப்பிட்டது சாப்பிட்டதுதான், சட்டம் மட்டும் திரும்ப வந்துவிட்டது.

'நாங்கள்' என்றால் பெரிய இயக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பேக்கரி மாடியில் கூடுகிற ஏழெட்டுப் பேர். அதில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி தெரசா, வக்கீல். செங்கல்பட்டு கோர்ட்டில் சீனியரிடம் திட்டு வாங்கிய கோபத்தையெல்லாம் எங்களிடம் இறக்கிவைப்பவள். இன்னொருவன் செல்வம். வண்டலூரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். என் வீட்டில் அவனை 'ரகுவோட ஃப்ரெண்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். (ரகு என்பது அடியேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். அப்போது வயது முப்பது, வாயில் நாக்கு இருந்தது, பேச்சு இல்லை.)

எங்களில் இரண்டு பேர் பள்ளிக்கரணையில் ஒன்றாக வீடெடுத்துத் தங்கியிருந்தார்கள். ஒருநாள் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இது சட்டப்படி குத்தம், தெரியுமா? போலீஸுக்கு ஒரு போன் போட்டேன்னா போதும்" என்று வாசலில் நின்று சொன்னார். அவர் போன் போடவில்லை. போடத் தேவையில்லாமல் போயிற்று. அன்று இருட்டுவதற்குள் அவர்கள் பெட்டி படுக்கையோடு பேக்கரி மாடிக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் மீன்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் சிந்திச் சிந்தி பேன்ட் நனைந்திருந்தது. அவன் எழுந்திருக்கவே இல்லை.

தெரசா அன்றுதான் மேஜையைத் தட்டினாள். "கேஸ் ஒரு பக்கம் நடக்கட்டும். கிரிமினல் சட்டத்தை மாநிலமும் திருத்தலாம். திருத்தக்கூட வேணாம், இந்தப் பிரிவு வேண்டாம்னு சட்டசபைல நாலு பேர் எழுந்து பேசட்டும். நம்ம எம்.எல்.ஏ.ங்க ஒவ்வொருத்தரையா போய்ப் பாப்போம்."

யார் பேசுவது என்று கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னுடைய தமிழ் நன்றாக இருக்குமாம். உண்மைதான், குளியலறையில் மிகவும் நன்றாக இருக்கும்.

ஒரு வாரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிடம் பேசிப் பழகினேன். "மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, தனிமனித அந்தரங்கம் என்பது…" என்று ஆரம்பித்தால் தொட்டியே கண்கலங்கும். எம்.எல்.ஏ. மாதம் ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் குறைதீர் முகாம் நடத்துவார். அம்மா காலனிக்காரர்களோடு வேன் பிடித்துக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போகிற நாளும் அந்த முகாமும் ஒன்றாக வந்தன. மலை ஏறி இறங்கி அவள் வருவதற்குள் நான் சட்டத்தைத் திருத்திவிட்டு வந்து படுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்குதானே என் தொழில்!

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் சுலோசனா. டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிரங்க் கால் காலத்துக் குரல் அது. ஒயர் அறுந்தாலும் மதுரைக்குக் கேட்கும். எங்கள் காலனி நலச்சங்கத்துக்குச் செயலாளர். அவள் வருகிறாள் என்றால் நகராட்சி அலுவலகத்தில் பாதிப்பேர் சாப்பிடப் போய்விடுவார்கள், காலை பதினோரு மணியாக இருந்தாலும்.

முகாமுக்கு வேட்டி சட்டையில் போ என்று செல்வம் சொன்னான். "மரியாதையா கீதும்பா. பேன்ட் போட்டுக்கினு போனா இன்ஸூரன்ஸ் ஆளுன்னு நெனச்சுக்குவாங்க." வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மண்டபத்தில் காலை வைத்ததும் தெரிந்துவிட்டது, வெள்ளையும் சொள்ளையுமாக இருக்கிறவன் கட்சிக்காரன் என்பதே அந்த மண்டபத்தின் விதி. நான் வரிசையில் நிற்பதற்குள் மூன்று பேர் என்னிடம் மனு கொடுத்துவிட்டார்கள். காய்கறி வியாபாரம் செய்யும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"தம்பி, எங்க தெருவுல லைட்டு எரியறதே இல்ல. நீதான் அண்ணன்கிட்ட எடுத்துச் சொல்லணும்."

"நான் கட்சிக்காரன் இல்லம்மா."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று மனுவை என் சட்டைப்பையில் திணித்தார்.

மேடைக்குக் கீழே ஒரு மேஜை. அங்கே எம்.எல்.ஏ.வின் உதவியாளர் உட்கார்ந்து, யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். குடிநீர், சாலை, பட்டா, முதியோர் உதவித்தொகை, இதர. என் முறை வந்தது. எனக்குப் பின்னால் தெரசா. பின்வரிசையில் செல்வமும் மற்றவர்களும்.

"என்ன விஷயம்?"

தண்ணீர்த் தொட்டியிடம் பேசிய பேச்சில் ஒரு சொல் மிச்சமில்லை. பக்கத்தில் ஐம்பது பேர் நின்று என் வாயையே பார்த்தார்கள். குனிந்து, அவர் காதருகே, மூச்சுவிடுகிற குரலில் சொன்னேன்.

"முந்நூத்தி எழுபத்தேழு சார்."

"ஓ, பட்டாவா" என்று அவர் எழுதிக்கொண்டார்.

அந்த இடத்தில் 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். மனிதனாகப் பிறந்த யாரும் சொல்லியிருப்பார்கள். நான் "ஆமா" என்றேன். தெரசா என் முதுகில் குத்தியது இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

"அடுத்து, சர்வே நம்பர் முந்நூத்தி எழுபத்தேழு!" என்று உதவியாளர் கூவினார். நான் மேடையேறினேன்.

எம்.எல்.ஏ. நல்ல மனிதர். காலையிலிருந்து சாக்கடையும் தெருநாயும் கேட்டுக் களைத்துப்போயிருந்தார்.

"சொல்லு தம்பி. எந்த கிராமம்?"

"இந்தியா முழுக்க இருக்கு சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தியா முழுக்கவா உனக்கு நிலம்?"

"நிலம் இல்ல சார். அதை எடுக்கணும்."

"யாரு, ஆக்கிரமிப்பா?"

"வெள்ளைக்காரன் சார்."

எம்.எல்.ஏ. உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் உத்தரத்தைப் பார்த்தார். நான் விளக்கினேன். அதாவது, விளக்குவதாக நினைத்துக்கொண்டேன். "வீட்டுக்குள்ள சார்… நாலு சுவத்துக்குள்ள… யாருக்கும் தொந்தரவு இல்லாம…"

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா?"

"இல்ல சார்!"

"தம்பி, நீ பேசறது எனக்கே கேக்கல. இந்தா, மைக்குல பேசு" என்று தன் முன்னால் இருந்த மைக்கை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

மைக் கிறீச்சென்று கத்தியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. பயந்தவன் இரண்டில் ஒன்று செய்வான். ஓடுவான், அல்லது மொத்தத்தையும் கொட்டிவிடுவான். வேட்டியில் ஓடிப் பழக்கமில்லை.

"சார், ஆம்பளையும் ஆம்பளையும் விருப்பப்பட்டு ஒரே வீட்ல சேந்து வாழ்ந்தா ஆயுள் தண்டனைவரைக்கும் குடுக்கலாம்னு ஒரு சட்டம் இருக்கு. முந்நூத்தி எழுபத்தேழு. அதை எடுக்கச்சொல்லி நீங்க சட்டசபைல பேசணும். போன மாசம் எங்க ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரை வீட்டைவிட்டு ஓட ஓட விரட்டினாங்க. அவங்க ஒரு தப்பும் பண்ணல சார். நானும் அப்படிப்பட்ட ஆள்தான் சார்."

சொல்லி முடித்ததும் ஒரு விநோதம் நடந்தது. வாசல் பக்கமிருந்து இன்னொருவன், என்னைப்போலவே நடுங்குகிற குரலில், "ஆள்தான் சார்… தான் சார்…" என்றான். யார் அவன், நமக்கு ஆதரவாக ஒருவன் இருக்கிறானே என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். பிறகுதான் புரிந்தது. மண்டபத்துக்கு வெளியே கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மார்க்கெட்டைப் பார்த்து.

அப்போது வாசலிலிருந்து, எந்த ஸ்பீக்கரின் உதவியும் இல்லாமல், ஒரு குரல் வந்தது.

"ரகூ!"

முந்தைய நாள் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, வேன் உள்ளே வர முடியாமல் கோயில் பயணம் ரத்து. வேனில் போக இருந்த நலச்சங்கம் அப்படியே மழைநீர் வடிகால் கேட்டு முகாமுக்கு வந்துவிட்டது. எதிரே டீக்கடையில் நின்று ஆளுக்கொரு டீ வாங்கிய நேரத்தில்தான் நான் ஒலிபரப்பானேன்.

அம்மா நடுப்பாதையில் நடந்து வந்தாள். பின்னால் சங்கத் தலைவர், பொருளாளர், எதிர்வீட்டு மல்லிகா அக்கா, எல்லோரும். பின்வரிசையில் செல்வம் ஒரு தூணுக்குப் பின்னால் மறைய முயன்றான். தூண் மெலிசு, செல்வம் அப்படியல்ல.

மேடைக்கு வந்தவள் என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அம்மா என்னைப் பார்த்ததில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்தவள் முதலில் அடி விழுந்திருக்கிறதா என்று உடம்பைப் பார்ப்பாளே, அப்படி. பிறகு என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"மைக்கை வாய்க்குள்ள வெச்சுக்கிட்டா எப்படிடா கேக்கும்?" என்றாள். (இதுவும் மார்க்கெட்டுக்குப் போயிற்று.) பிறகு எம்.எல்.ஏ. பக்கம் திரும்பினாள்.

"சார், நான் இவனோட அம்மா. இவன் இப்ப சொன்னது எனக்கும் இப்பத்தான் தெரியும். டீக்கடைல நின்னு கேட்டேன். எனக்கு இதைப்பத்தி ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குப் போய் இவன்கிட்ட கேட்டுக்கறேன், அது எங்க வீட்டு விஷயம். ஆனா என் பையன் வீட்டுக்குள்ள இருக்கறதுக்கு எதுக்கு ஜெயிலுங்கறீங்க? அதுக்கு மட்டும் எனக்கு இப்பவே பதில் வேணும்."

"அம்மா, நான் எங்கம்மா ஜெயில்ல போடறேன்!"

"போடலன்னா எடுக்கச் சொல்லுங்க. நாங்க ஓட்டுப் போட்டுத்தானே அனுப்பிச்சோம்?"

பின்னால் ஒரு இளைஞர் கூட்டம் கிளுக்கென்று சிரித்தது. தெருவிளக்கு அம்மா எழுந்துவிட்டார். "இன்னாத்துக்கு சிரிக்கிற? அந்தம்மா புள்ளைய உள்ள போடுவாங்கன்னு பேஜார்ல நின்னுகினு கீது, உனக்கு சிரிப்பு வருதா?" சிரிப்பு நின்றது. அந்த அமைதியில் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் சரி, கொஞ்சம் சீக்கிரம் முடிங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. வானம் இடிந்து விழும் என்று பதினைந்து வருஷமாகப் பயந்த விஷயம், ஒருவருடைய பஸ்ஸைத் தாமதப்படுத்தியதோடு முடிந்துவிட்டது.

தெரசா அந்த இடைவெளியில் மேடையேறி, சட்டசபையில் என்ன பேசலாம், மாநிலம் என்ன செய்யலாம் என்று கோர்ட்டில் வாதாடுவதுபோல் எடுத்துச்சொன்னாள். எம்.எல்.ஏ. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தலைமையைக் கேட்க வேண்டும் என்றார். அம்மா மைக்கைத் திருப்பித் தரவில்லை. கடைசியில், "சரிம்மா, பேசறேன். வெளிநாட்டுக்காரன் போட்ட சட்டம் நமக்கெதுக்கு?" என்றார். சங்கத் தலைவர் பழக்கதோஷத்தில் கைதட்ட, மண்டபமே தட்டியது. உதவியாளர் மட்டும் பேனாவோடு தவித்தார். பட்டாவை அடித்துவிட்டு, 'இதர' என்று எழுதினார்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். தூணுக்குப் பின்னாலிருந்த செல்வத்தை அம்மாவே இழுத்துவந்து ஏற்றினாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர்ல பேசுன தம்பி நீதானே? பயந்துகினே பேசுன. ஆனா பேசிட்ட" என்றார்.

அம்மா கேட்டாள். "எப்பலேந்துடா தெரியும் உனக்கு?"

"பத்தாவது படிக்கும்போதுலேந்து."

"அத்தனை வருஷமா தனியாவா வெச்சிருந்தே?" அவள் செல்வத்தின் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, போன பொங்கலுக்கு உன்னை உக்காரவெச்சு, சீக்கிரம் ஒரு நல்ல பொண்ணா பாத்துக் கட்டிக்கோன்னு ஒரு மணி நேரம் சொன்னேனே. என்ன நெனச்சிருப்பே நீ?"

"சரிம்மான்னு சொன்னேனே" என்றான் செல்வம், பரிதாபமாக.

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் அதோடு சுபம் என்று சொன்னால் பொய். மறுநாள் காலை சமையலறையில் மிக்ஸி வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அழுகிற சத்தம் கேட்காமலிருக்க அம்மா கண்டுபிடித்த வழி. அன்று தேங்காய்ச் சட்னி பாலாகவே ஆகிவிட்டது. நாங்கள் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். முகாமுக்கு வராமல் வீட்டிலேயே இருந்த அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"நடந்தது நடந்துபோச்சு. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ஸ்பீக்கர் வெச்சு சொல்லியாச்சு" என்றாள் அம்மா.

"எந்தப் பக்கம் திருப்பி வெச்சிருந்தான்?"

"மார்க்கெட் பக்கம்."

அப்பா பெருமூச்சு விட்டார். "அப்ப சரி. நம்ம தெருவுக்குக் கேட்டிருக்காது."

"நம்ம தெருவே அங்கதாங்க இருந்துச்சு."

அதன்பிறகு அம்மாவுக்குச் சந்தேகங்கள் வந்தன. கேட்டாள். தெரசாவிடமும் கேட்டாள், செல்வத்திடமும் கேட்டாள். சில கேள்விகளுக்கு நான் அறையைவிட்டு ஓடினேன். கேட்டு முடித்ததும் பேக்கரி மாடிக்கு வந்தாள். "இந்த எம்.எல்.ஏ. ஒருத்தர் பேசினா போதுமா? பக்கத்துத் தொகுதிக்காரர்லாம் என்ன பண்றாங்க?" என்றாள். எங்கள் குழுவுக்கு ஒரு வாய் கிடைத்துவிட்டது.

தென்சென்னைப் புறநகரில் அம்மா ஏறாத எம்.எல்.ஏ. அலுவலகம் இல்லை. தெரசா சட்டம் சொல்வாள், அம்மா "என் பையன்" என்று ஆரம்பிப்பாள். அவளுக்கு எதிரே சட்டப்பிரிவைப் பற்றி வாதாட யாராலும் முடியவில்லை. ஒருவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அங்கே மல்லிகா அக்கா நின்றிருந்தார். இன்னொருவர், வாக்குக் கொடுத்தபடி, ஒரு பொதுக்கூட்டத்தில், "பழைய சட்டங்களை எடுத்துவிட வேண்டும்" என்று ஒரே வரி பேசினார். எந்தச் சட்டம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்கு நாங்கள் பேக்கரியில் கேக் வெட்டினோம். எங்கள் எம்.எல்.ஏ. சபையில் பேசினாரா என்றால், பேச எழுந்தாராம், நேரம் முடிந்துவிட்டதாம். ஆனால் இந்தப் பிரிவு வேண்டாம் என்று தெரசா எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டார். அதுவும் பெரிய விஷயம்தான், அவர் பயப்படவேண்டிய ஆட்கள் நிறையப்பேர் இருந்தார்கள்.

பிறகு ஒருநாள் உச்ச நீதிமன்றமே தன் பழைய தீர்ப்பை மாற்றிக்கொண்டது. வயதுவந்த இருவர் மனமொப்பி இருப்பது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. முதலில் டி.வி.யில் பார்த்தவர் அப்பா. ஆபீஸில் இருந்த எனக்குப் போன் செய்தார். டி.வி. சத்தத்தை உச்சத்தில் வைத்து, போனை அதன் பக்கத்தில் காட்டினார். செய்தி வாசிப்பவர் பேசியதற்கு நடுவில் அப்பா மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. கிண்டி ஆபீஸில் என் மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நானும் அதையே செய்தேன்.

அன்று மாலை எம்.எல்.ஏ.வும் அம்மாவைக் கூப்பிட்டார். "அம்மா, உங்க கோரிக்கை நிறைவேறிடுச்சு" என்றார், ஏதோ அவரே டில்லிக்குப் போய்த் தீர்ப்பை எழுதிவிட்டு வந்ததுபோல. அம்மா மனதார நன்றி சொன்னாள். பெரிய மனதுக்காரி. பள்ளிக்கரணையிலிருந்து விரட்டப்பட்ட இருவரும் மேடவாக்கத்தில் வீடெடுத்து, பால் காய்ச்சி, அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மீன்தொட்டியை ஹாலில், தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். செல்வம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, இப்போது சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லுமளவுக்கு உரிமை பெற்றுவிட்டான்.

எங்கள் குடும்பத்தில் இந்தச் சம்பவம் விட்டுச்சென்றது ஒரு வழக்கம். யாராவது எதையாவது சொல்லத் தயங்கி, விரலைப் பிசைந்துகொண்டு நின்றால், அப்பா டி.வி. ரிமோட்டை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பார். "இந்தா, மைக். மார்க்கெட் பக்கம் திரும்பி நின்னு சொல்லு." வேலையை விடப்போவதை, வெளியூரில் இருக்கும் என் அக்கா வந்திருந்தபோது அதில்தான் சொன்னாள். சர்க்கரை வியாதி வந்திருப்பதை அப்பாவே அதில் சொன்னார்.

போன மாதம் அக்கா மகள் மாலினி ஊரிலிருந்து வந்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் ஹாலில் உட்காரச் சொல்லிவிட்டு, முகம் சிவந்து நின்றாள். அப்பா ரிமோட்டை நீட்டினார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டாள். எந்தச் சட்டமாக இருந்தாலும் சரி, எந்த எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் சரி என்கிற தயார்நிலை.

மாலினி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஒரு பையனைப் பிடிச்சிருக்கு. கூட வேலை பாக்கறான்."

அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வேறு ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் ஏமாற்றத்தோடு. "இதுக்காடி மைக்கு?"